அளவுப் பலகை இடம் மாறினால் ஆறும் மாறுமா?



2024-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையை, பெண்ணையாற்றுக் கரையில் குடியிருக்கிற நம்ம ஜனங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அடுத்த நாள் காலை வரை, ஒரே நாளில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. மேற்கே ஊத்தங்கரைப் பக்கமும் பேய்மழை. அந்தத் தண்ணீரெல்லாம் சாத்தனூர் அணைக்கு வந்து சேர, அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது.

ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி என்றால் எவ்வளவு? சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி, அதாவது ஏழே கால் டி.எம்.சி.க்குச் சற்று மேல். அந்த வேகத்தில் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு சாத்தனூர் அணை அளவுத் தண்ணீர் நம்ம ஊரைக் கடந்து போய்விடும். அவ்வளவு வெள்ளம்.

செய்தியில் இதைக் கனஅடியில் சொன்னார்கள். ஆனால் கரையோரத்தில் மாட்டை அவிழ்த்துக்கொண்டு நிற்கிற குடியானவர் கேட்பது வேறு கேள்வி. "எங்க ஊர்ல எத்தனை அடி ஏறும்? என் மோட்டார் கொட்டகை முழுகுமா, தப்புமா?" இதுதான் அவர் கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆற்றில் நட்டு வைத்திருக்கிற அளவுப் பலகை. அதிகாரிகள் அதை 'கேஜ்' என்பார்கள். அந்தப் பலகையைப் பற்றியும், அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் இன்றைக்குப் பேசலாம் என்று எண்ணுகிறேன்.

பலகையை மாற்றுவது என்ன பெரிய காரியம், நாலு ஆள் போட்டுப் பிடுங்கி நட்டால் போச்சு என்று நினைக்கலாம். அப்படி இல்லீங்க. காவிரியில் அளக்கும் இடம் மாறிய கதையைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும். அதற்கு முன்னால் பலகையின் சூட்சுமத்தைப் பார்த்துவிடுவோம்.

ஏரிப் பாசனம் செய்கிறவர்களுக்கு இது புதிது அல்ல. மதகுக் கல்லில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று பார்த்தே, இந்தத் தண்ணீர் ஒரு போகத்துக்குத் தாங்குமா, தாங்காதா என்று நம்ம பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். ஏரி கோடி போகிறதென்றால் அந்த ஏரியின் அளவு முடிந்தது என்று அர்த்தம். ஏரித் தண்ணீர் நிற்கிற தண்ணீர். ஆற்றுத் தண்ணீரோ ஓடுகிற தண்ணீர். அதனால் அதன் கணக்கு கொஞ்சம் சிக்கலானது.

ஆற்றில் இரண்டு அளவு உண்டு. ஒன்று மட்டம், மற்றொன்று ஓட்டம். மட்டம் என்பது பலகையில் தண்ணீர் தொடுகிற கோடு. ஓட்டம் என்பது விநாடிக்கு எத்தனை கனஅடி போகிறது என்பது. ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழம் பார்த்து, 'கரண்ட் மீட்டர்' என்ற சுழலும் கருவியைத் தண்ணீரில் இறக்கி வேகம் பார்த்து, அகலம், ஆழம், வேகம் மூன்றையும் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். இப்படிப் பல நாள், பல மட்டத்தில் அளந்து, இந்த மட்டத்துக்கு இத்தனை கனஅடி என்று ஒரு வாய்பாடு போட்டுக்கொள்வார்கள். அப்புறம் வெள்ளத்தில் ஆள் இறங்க வேண்டியதில்லை. பலகையைப் படித்தாலே ஓட்டம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த வாய்பாடு அந்த ஒரே இடத்துக்குத்தான் பொருந்தும். ஆறு அகன்று கிடக்கிற இடத்தில் ஓரடி ஏறுவதற்கு வேண்டிய தண்ணீர் வேறு, இரண்டு கரையும் ஒடுங்கின இடத்தில் ஓரடி ஏறுவதற்கு வேண்டிய தண்ணீர் வேறு. அதோடு பலகையின் பூஜ்யம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். கடல் மட்டத்திலிருந்து அந்தப் பூஜ்யம் இத்தனை மீட்டர் உயரம் என்று கணக்கில் எழுதி வைத்திருப்பார்கள். அதுதான் பலகையின் அடிவேர். பூஜ்யம் தெரியாத பலகை, எடைக்கல் போடாத தராசு மாதிரி.

தண்ணீர் மட்டத்தை அளந்து எழுதுவது ரொம்பப் பழைய வழக்கம். எகிப்து தேசத்தில் கெய்ரோ பக்கம் ரோடா என்ற தீவில், நைல் நதி நீரை அளக்க ஒரு கிணறும் அதன் நடுவே கோடுகள் போட்ட கல்தூணும் இருக்கின்றன. கி.பி. 861-இல் கட்டியது. வெள்ளம் எத்தனை முழம் ஏறியது என்று பார்த்து, விளைச்சல் எப்படி இருக்கும், அந்த வருஷம் வரி எவ்வளவு போடலாம் என்று முடிவு செய்தார்கள். தூணில் ஒரு கோடு கூடினால் குடியானவர் கொடுக்கிற வரியும் கூடும். ஆக, தண்ணீரை எங்கே நின்று அளப்பது என்பது அந்தக் காலத்திலேயே விவசாயி வயிற்றோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இனி நம்ம காவிரிக்கு வருவோம்.

1924-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. கிருஷ்ணராஜசாகர் அணையில் மைசூர் எப்போது தண்ணீரைத் தேக்கலாம், எப்போது தேக்கக் கூடாது என்பதற்கு விதி எழுதினார்கள். அந்த விதிக்கு அடிப்படை எது தெரியுமா? திருச்சிக்கு மேற்கே முக்கொம்பு மேலணையில் இருந்த அளவுப் பலகை. ஜூன் மாதத்தில் அங்கே ஆறரை அடி இருக்க வேண்டும், ஜூலை ஆகஸ்டில் ஏழரை அடி இருக்க வேண்டும் என்று மாதாமாதம் அளவு குறித்தார்கள். அந்த அளவுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் மேலே தேக்கலாம். எங்கோ மைசூர்ப் பக்கம் இருக்கிற அணையின் கதவுக்குத் திருச்சியில் இருந்த ஒரு பலகை கட்டளை போட்டது!

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. அதற்குப் பிறகு நிலைமை வேறு. மேட்டூரில் எவ்வளவு திறக்கிறார்கள், நடுவே பவானியும் நொய்யலும் அமராவதியும் எவ்வளவு கொண்டு வருகின்றன என்பதைத்தான் முக்கொம்புப் பலகை காட்டும். மேலே மைசூர்ப் பக்கமிருந்து வந்தது எவ்வளவு என்பதை அது நேராகக் காட்டாது. பலகை மாறவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் ஆறு மாறிவிட்டது. அதனால் பலகை சொல்வதற்கும் அர்த்தம் மாறிப்போச்சு.

பிறகு வழக்கு வந்தது. 1990-இல் காவிரி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25-ஆம் தேதி இடைக்காலத் தீர்ப்பு. கர்நாடகம் வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேரும்படி விட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. அளக்கும் இடம் முக்கொம்பிலிருந்து மேட்டூருக்கு ஏறிப்போனது.

2007 பிப்ரவரி 5-ஆம் தேதி இறுதித் தீர்ப்பு வந்தது. அதில் 192 டி.எம்.சி. ஆனால் அளக்கும் இடம் மேட்டூர் அல்ல, எல்லையோரத்தில் இருக்கிற பிலிகுண்டுலு. அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஆள் படிக்கிற பலகை. 2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த 192-ஐ 177.25 டி.எம்.சி. என்று குறைத்தது. அளக்கும் இடம் பிலிகுண்டுலுதான் என்பது மட்டும் மாறவில்லை.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 205-க்கும் 192-க்கும் வித்தியாசம் 13. அப்படியானால் 13 டி.எம்.சி. நஷ்டம் என்று சட்டென்று சொல்லிவிடலாமா? முடியாது. பிலிகுண்டுலுவுக்கும் மேட்டூருக்கும் நடுவே மழை பெய்கிறது, ஓடைகள் வந்து சேர்கின்றன. மேட்டூரில் அளந்தபோது அந்தத் தண்ணீரும் கர்நாடகம் கொடுத்த கணக்கில் விழுந்தது. பிலிகுண்டுலுவில் அளக்கும்போது அது அந்தக் கணக்கில் சேராது. இடம் வேறாகிப் போனதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் நிறுத்தி, இது பெரிசு, அது சிறிசு என்று சொல்ல முடியாது. சேலத்துப் படியில் அளந்த நெல்லையும் செஞ்சிப் படியில் அளந்த நெல்லையும், படியின் அளவைக் கேட்காமல் ஒப்பிடுகிற கதைதான்.

83 வருஷத்தில் முக்கொம்பு, மேட்டூர், பிலிகுண்டுலு என்று அளவு மூன்று இடம் பார்த்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் டெல்டா விவசாயியின் பங்கு அந்தப் பலகையைப் பொறுத்தே பேசப்பட்டது. ஆகவே பலகை என்றால் வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு என்று எண்ண வேண்டாம். அது சாட்சி. சாட்சியை இடம் மாற்றுகிறபோது, அவர் முன்னே சொன்னதும் பின்னே சொல்வதும் பொருந்தும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, இது காவிரிக் கதை. நமக்கு என்ன என்று கேட்கலாம். நமக்கும் உண்டு.

நம்ம பெண்ணையாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை வழியாக வந்து, திருக்கோவிலூரையும் விழுப்புரத்தையும் தொட்டு, கடலூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. மத்திய நீர் ஆணையம் இந்த ஆற்றை மேலே கும்மனூரிலும், சாத்தனூருக்குக் கீழே வாழவச்சனூரிலும், அதற்கும் கீழே விழுப்புரத்திலும் அளக்கிறது. வாழவச்சனூரில் ஏறினால் அடுத்து நமக்கு ஏறப்போகிறது என்று அர்த்தம். முன்கூட்டியே சொல்லுகிற இந்த முறை நாட்டில் 1958-ஆம் ஆண்டு டில்லியில் யமுனை ஆற்றில் தொடங்கியது. பெண்ணையாற்றுத் தண்ணீருக்கும் கர்நாடகத்தோடு வழக்கு உண்டு. 2018-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாதிரி வழக்கிலெல்லாம் வாய்ப்பேச்சு எடுபடாது. வருஷ வாரியாக அளந்து எழுதின கணக்குதான் பேசும்.

இப்படிப்பட்ட நிலையத்தை ஏன் இடம் மாற்ற வேண்டி வருகிறது? காரணம் பல உண்டு.

வெள்ளத்தில் கரை அரித்துப் பலகையே போய்விடலாம். ஆறு ஒதுங்கி மறு கரையோரம் ஓட ஆரம்பித்தால், பலகை மணலில் நின்றுகொண்டிருக்கும். மணல் அள்ளி அள்ளி ஆற்றின் தரை இறங்கிப் போனால், முன்பு ஐந்தடி காட்டின அதே தண்ணீர் இப்போது மூன்றடிதான் காட்டும். "ஆத்துல தண்ணி கொறஞ்சு போச்சு" என்போம். குறைந்தது தண்ணீரா, தரையா என்பது பலகையை மட்டும் பார்த்தால் தெரியாது.

இன்னொரு காரணம் அணைக்கட்டும் தடுப்பணையும். பலகைக்குக் கீழே ஒரு தடுப்பணை கட்டினால், தண்ணீர் தேங்கிப் பின்னுக்கு ஏறி நிற்கும். ஆற்றில் ஓட்டமே இல்லாவிட்டாலும் பலகை ஆறடி காட்டும். தடுப்பணை உடைந்தால் ஒரே நாளில் எல்லாம் தலைகீழ். இது நம்ம மாவட்டத்தில் நடக்காத விஷயம் அல்ல. தளவானூரில் 2020-இல் கட்டின தடுப்பணை 2021 ஜனவரியிலேயே உடைந்தது. 1949, 50 வாக்கில் கட்டின எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்து, வாய்க்காலை நம்பியிருந்த ஊர்கள் தவித்தன. இப்படி அணையும் தரையும் மாறிக்கொண்டிருக்கிற ஆற்றில், பழைய வாய்பாடு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. அளந்து திருத்த வேண்டும், முடியாவிட்டால் நல்ல இடம் பார்த்து மாற்ற வேண்டும். ஆறு நேராக ஓடுகிற இடம், கரை கெட்டியான இடம், தேக்கத் தண்ணீர் எட்டாத இடம், நடு ராத்திரி மழையிலும் ஆள் போய்ப் படிக்கக் கூடிய இடம். இவைதான் நல்ல இடத்துக்கு லட்சணம்.

திண்டிவனத்துப் பக்கத்து விவசாயிகளுக்குச் செஞ்சியாறு உண்டு. வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் சொல்கிற அதே ஆறு. அது தொண்டியாற்றோடு கூடுகிற இடத்தில்தான் வீடூர் அணை. அங்கே அணையின் மட்டம் ஒரு கணக்கு, அணைக்குக் கீழே ஆற்றின் மட்டம் வேறு கணக்கு. 32 அடி அணை நிரம்பிவிட்டது என்று கேட்டால், அது ஆற்றில் 32 அடி வெள்ளம் என்று அர்த்தம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பயப்படுவதும் உண்டு, குழப்பிக்கொண்டு அசட்டையாக இருந்துவிடுவதும் உண்டு. இரண்டும் ஆபத்து.

அதே 2024 டிசம்பரில் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டியது. உடனே ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அங்கே யாரும் 'எத்தனை கனஅடி' என்று கேட்டு நிற்கவில்லை. அந்தப் பாலத்துக்கென்று போட்ட கோடு, அந்தப் பாலத்துக்கென்று வைத்த விதி. கோடு தாண்டினால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். கரையோர ஊருக்கும் இதுபோல ஒரு கோடு வேண்டும், இல்லீங்களா?

அப்படியானால் நிலையத்தை மாற்றுகிறபோது கணக்கு அறுந்து போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? இதற்கு வழி நமக்குத் தெரிந்த வழிதான். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் மல்லாட்டையில் புது ரகம் வந்தால் என்ன செய்கிறார்கள்? புது ரகத்தை மட்டும் விதைத்துப் பார்த்து நல்லது என்று சொல்லிவிடுவதில்லை. பக்கத்துப் பாத்தியில் பழைய ரகத்தையும் அதே மழையில், அதே மண்ணில் விதைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். டி.எம்.வி. என்று தொடங்குகிற ரகங்கள் எல்லாம் அப்படிச் சோதித்து வந்தவைதான்.

அளவுப் பலகைக்கும் அதே முறைதான். புதுப் பலகை நட்ட அன்றைக்கே பழையதைப் பிடுங்கக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். காலை 8 மணிக்குப் பழைய இடத்தில் எவ்வளவு, புது இடத்தில் எவ்வளவு என்று எழுத வேண்டும். வறண்ட காலத்தில் மட்டும் படித்தால் போதாது. நம்ம ஆறுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய வெள்ளம். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் ஒன்றாவது இரண்டு பலகையையும் தொட்டுப் போக வேண்டும். அப்போதுதான் பழைய இடத்து 4 மீட்டர் புது இடத்தில் எவ்வளவு என்று தெரியும்.

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பழைய பலகையில் 4 மீட்டர் வந்தால் உங்கள் ஊர்க் காலனிக்குள் தண்ணீர் புகும் என்பது அனுபவம் என்று வைத்துக்கொள்வோம். பலகையை ஒரு மைல் கீழே கொண்டுபோய் நடுகிறார்கள். அங்கே அதே வெள்ளம் மூன்றரை மீட்டர்தான் காட்டுகிறது. ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது. ராத்திரி ஒரு மணிக்கு 'மூன்றரை மீட்டர்' என்று செய்தி வருகிறது. "நாலு வந்தாத்தானே ஊருக்குள்ள வரும், இன்னும் அரை மீட்டர் இருக்கு" என்று படுத்துவிடுவார்கள். அப்புறம் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பலகை பொய் சொல்லவில்லை. இடம் மாறினதை யாரும் ஊருக்குச் சொல்லவில்லை, அதுதான் குறை.

ஆகையால் விவசாயப் பெருமக்களே, உங்கள் பக்கத்தில் ஆற்று அளவு நிலையத்தை இடம் மாற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், சண்டைக்குப் போக வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். கிராம சபைக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: பழைய பலகையின் பூஜ்யம் கடல் மட்டத்துக்கு மேலே எத்தனை மீட்டர், புதுப் பலகையின் பூஜ்யம் எத்தனை மீட்டர்?

இரண்டாவது கேள்வி: இரண்டையும் சேர்த்து எத்தனை நாள் படிக்கப் போகிறீர்கள்? ஒரு பருவமழையாவது உண்டா?

மூன்றாவது கேள்வி: எங்கள் ஊருக்கு ஆபத்து என்று இதுவரை சொன்ன அளவு, புதுப் பலகையில் எந்தக் கோடு?

நீர்வளத்துறைப் பொறியாளரோ, ஆணையத்து அலுவலரோ, இதற்குப் பதில் சொல்ல முடியும். அவர்கள் கணக்கில் உள்ள விஷயம்தான். அந்தப் பதிலை ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் எழுதிப் போடச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக்கும் ஒரு வேலை உண்டு. 2021 நவம்பர் வெள்ளமும் 2024 டிசம்பர் வெள்ளமும் உங்கள் ஊரில் எதுவரை ஏறியது என்பது இப்போது எல்லோருக்கும் நினைவிருக்கும். இன்னும் பத்து வருஷம் போனால் ஆளுக்கு ஓர் அளவு சொல்லுவாங்க. இப்போதே கோயில் மதிலிலோ, பள்ளிக்கூடச் சுவரிலோ, பாலத்தூணிலோ அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி வையுங்கள். அசையாத கட்டடமாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். அன்றைக்கு ஆற்றுப் பலகை காட்டின அளவையும் கேட்டு வாங்கிப் பக்கத்திலே எழுதிவிட்டால், உங்கள் ஊருக்கென்று ஒரு வாய்பாடு கிடைத்துவிடும். பலகை எங்கே மாறினாலும் உங்கள் கோடு மாறாது. அதை வைத்துப் புதுப் பலகையையும் சரி பார்த்துக்கொள்ளலாம்.

ஆற்றில் இருக்கிற பலகைக்கும் தூணுக்கும் காவல் நீங்கள்தான். அதில் ஆடு மாடு கட்டுவது, பக்கத்தில் மணல் அள்ளுவது, கருவியில் இருக்கிற கம்பியை அறுப்பது, இதெல்லாம் நம்ம எச்சரிக்கை மணியை நாமே அவிழ்த்து வீசுவதற்குச் சமம். இப்போது ரேடார் கருவி வைத்துத் தானாகவே அளவை அனுப்புகிற வசதி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கருவிக்கும் பூஜ்யம் ஒன்று உண்டு. அது தப்பானால் கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் தப்பைத்தான் வேகமாக அனுப்பும்.

ஆறு எங்கே ஓடினாலும் அதன் கணக்கு அறுபடாமல் இருக்கட்டும். அடுத்த கார்த்திகை வருவதற்குள் உங்கள் ஊர்ச் சுவரில் அந்தக் கோட்டைப் போட்டுவிடுங்கள்.